உப்பு காயாத மாதம்

மதியம் இரண்டு மணிக்குத் தூவிய உப்பு மாலை ஆறு மணிக்கும் காயவில்லை. ஐப்பசி மாதம். மழை விட்டிருந்தது, ஜன்னல் கம்பியில் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தாளில் பூசியிருந்த நீலச்சாம்பல் நீர்வண்ணத்தின் மேல் கல்லுப்புப் பரல்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு குட்டிக் குளம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பூப்பூவாக விரியும் என்று காணொளியில் பார்த்தது எதுவுமே வரவில்லை. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் உப்பு முழுக்கக் கரைந்து, தாள் நெடுகப் பிசுபிசுவென்று ஒரே சாம்பல் படலம்.

முதலில் தாளைக் குறை சொன்னேன், பிறகு வண்ணத்தை. இரண்டின் மேலும் தப்பில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியின் அடியில் நீர் விடுவது அதனால்தான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகைக் காலைகளில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். எங்கோ வறண்ட ஊரில் இருந்துகொண்டு "உப்பைத் தூவி இருபது நிமிடம் காத்திருங்கள்" என்று சொல்லித் தருகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் காற்று வேறு, தாம்பரத்துக் காற்று வேறு.

அப்போது நான் ஓய்வுபெற்ற ஒரு டிராயிங் மாஸ்டரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்வண்ணம் கற்றுக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"எப்பம்மா தூவின?"

"பூசின உடனே சார்."

"மினுக்கம் போச்சா, போகலையா?"

நான் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய ஒன்று என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று வெறும் தண்ணீரைத் தாளில் பூசி, அரை மணி நேரம் என்னை அதையே பார்க்க வைத்தார். முதலில் தண்ணீர் தேங்கி, ஜன்னலின் பிம்பம் அதில் முழுசாகத் தெரியும். பிறகு தேக்கம் போய்ப் பளபளப்பு மட்டும் நிற்கும். அதற்கப்புறம் பளபளப்பு ஓரத்திலிருந்து மெல்ல மங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கமாகக் குறையும். அதுவும் போனபின் தாள் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் புறங்கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும். ஜில்லிப்பும் போனால்தான் காய்ந்தது என்று அர்த்தம். இந்த ஐந்து நிலைகளில் எதில் எதைச் செய்கிறோம் என்பதுதான் டெக்ஸ்சர், அதாவது பரப்பின் தன்மை, என்று நாம் சொல்லும் எல்லாமே. உப்பு, ஸ்பிரிட் (ஆல்கஹால்), பிளாஸ்டிக் தாள், அட்டை எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

உப்புக்கான நேரம் அந்தப் பட்டு மினுக்கம் தொடங்கும் கணம். அதற்கு முன்னால் தூவினால் உப்பு முழுக்கக் கரைந்து போகும். பிந்திப் போனால் பரல் வெறுமனே உட்கார்ந்திருக்கும், தட்டிவிட்டால் அடியில் ஒரு புள்ளிகூட இருக்காது. சரியான கணத்தில் விழுந்த பரல் தன்னைச் சுற்றியுள்ள நீரை இழுத்துக்கொண்டு மெல்லக் கரைகிறது. நீர் நகர நகர நிறமித் துகள்களும் இடம் மாறுகின்றன. பரல் விழுந்த இடம் வெளிறி, விளிம்பில் நிறம் கூடி நிற்கிறது.

வீட்டில் நான் கண்டுபிடித்த ஒரு வழி: உப்பை வெறும் வாணலியில் இட்டு, படபடவென்று வெடிப்பது நிற்கும்வரை வறுத்து, ஆறியதும் இறுக மூடும் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வது. மழைக்காலத்திலும் அந்த உப்பு வேலை செய்யும், தாளுக்கு மேலே மின்விசிறி ஓட வேண்டும், அவ்வளவுதான். தூள் உப்பு பொடிப்பொடியாக மணல் போன்ற பரப்பைத் தரும். கல்லுப்பு பெரிய பெரிய வெளிறல்களைத் தரும், அதை அம்மியில் ஒரு தட்டுத் தட்டி ஒன்றிரண்டாக்கிக்கொண்டால் இரண்டும் கலந்து வரும். எனக்குப் பிடித்தது இந்த ஒன்றிரண்டு உப்புதான். சீராக இல்லாததால் அது மனிதர் கைவேலை மாதிரி தெரிவதில்லை.

அம்மாவுக்கு இதில் ஒரே வருத்தம். "தூவறதெல்லாம் தூவிக்கோ. தரையில சிந்தாதடி, உப்பு லட்சுமி, கால்ல மிதிபடக் கூடாது." அதனால் இன்றுவரை பெரிய தாம்பாளத்துக்குள் தாளை வைத்துத்தான் உப்பு தூவுகிறேன். தாம்பாளத்தில் சேரும் உப்பை மறுபடி வறுத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் சௌகரியம்.

உப்பு வேலை வசப்பட்டதும் எல்லாரையும் போல நானும் எல்லாவற்றிலும் உப்பைத் தூவினேன். வானத்தில், கடலில், பூவில், பக்கத்து வீட்டுப் பூனையின் முதுகில். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேண்டாம் என்று சொல்லி, எங்கள் நாலு பேரையும் பஸ்ஸில் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனார்.

கடற்கரைக் கோயிலை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றுதான் அதன் மதிலைப் பார்த்தேன். மதிலின் மேல் வரிசையாக நந்திகள் உட்கார்ந்திருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜசிம்ம பல்லவன் காலத்தில் உளியால் கூர்மையாகச் செதுக்கப்பட்டவை. இன்று பலவற்றுக்கு முகம் இல்லை. கண் இருந்த இடமும் கொம்பு இருந்த இடமும் மழுங்கி, சோப்புக்கட்டி தேய்ந்த மாதிரி ஆகியிருக்கின்றன. கல்லின் பரப்பில் மட்டும் எண்ணற்ற சின்னச் சின்னக் குழிகள்.

"இதைத் தின்னது எது தெரியுமா?" என்றார் மாஸ்டர். "உப்பு."

கடல் தெளிக்கும் நீர்த்துளி கல்லின் நுண்துளைக்குள் போகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே படிகமாகிறது. படிகம் வளர இடம் போதாமல் துளையின் சுவரைத் தள்ளுகிறது. மறுபடி ஈரம், மறுபடி கரைதல், மறுபடி படிகம். ஆயிரத்து முந்நூறு வருடமாக நாள்தோறும் நடக்கிறது இது. அதைக் குறைக்கத்தான் கோயிலைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு வளர்த்திருக்கிறார்கள், கடல் பக்கம் பாறைகளைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

"கல்லை வரையாதே. கல்லுக்கு என்ன நடந்துச்சோ அதைத் தாளுக்குப் பண்ணு," என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பத்து வருடமும் வரைந்து வருகிறேன். பூனை முதுகில் உப்பு ஏன் பொய்யாகத் தெரிந்தது என்பது அன்று விளங்கியது. பூனைக்கு உப்பு எதையும் செய்ததில்லை.

அப்படிப் பார்க்க ஆரம்பித்தபின் தோல்வி என்று நினைத்திருந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நீர்வண்ணம் கற்கிறவர்கள் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான். பாதி காய்ந்த பூச்சின் மேல் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அது நிறத்தைத் தள்ளிக்கொண்டு பரவி, நெளிநெளியான விளிம்புடன் ஒரு பூ மாதிரி காயும். பேக்ரன் என்பார்கள், ப்ளூம் என்பார்கள், விளிம்பின் சுருக்கத்தைப் பார்த்துக் காலிஃபிளவர் என்றும் சொல்வார்கள். ஒரு மழைக்காலத்தில் எங்கள் கூடத்து மேல்தளம் ஒழுகியது. ஒழுகல் நின்று காய்ந்தபின் அண்ணாந்து பார்த்தேன். நடுவில் வெளிறல், ஓரத்தில் பழுப்புக் கோடு, அதற்கு வெளியே இன்னொரு மழையின் இன்னொரு கோடு. அதே காலிஃபிளவர்.

இரண்டும் ஒன்று போல இருப்பது தற்செயல் அல்ல. மேசையில் காபி டபராவின் அடியில் சிந்திய சொட்டு காய்ந்தால் ஓரத்தில் மட்டும் அடர்ந்த வளையம் விழுகிறதே, ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1997-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சொட்டின் விளிம்பு தாளையோ மேசையையோ பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் அள்ளிக்கொண்டு போய் அங்கே சேர்க்கிறது. காபி, சுவரின் அழுக்கு, அல்ட்ராமெரின் நீலம் எதுவானாலும் நீருக்கு ஒன்றுதான்.

அதனால் மழை ஒழுகிய சுவரையும் பாசி பிடித்த மதிலையும் இப்போது நான் தூரிகையால் வரைவதில்லை. அடிப்பூச்சு பூசி, பட்டு மினுக்கம் வந்ததும் மேல் விளிம்பில் வரிசையாகத் தண்ணீர்ச் சொட்டு வைத்துத் தாளைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறேன். காய்ந்தபின் அதன் மேலேயே இன்னொரு மழை. மூன்று மழை பெய்தால் போதும். நாலாவது பெய்தால் தாள் அழுக்காகிவிடுகிறது, இதைப் பல தாள்களைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்லின் நிறத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் செத்த சாம்பல். அல்ட்ராமெரின் நீலத்தையும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பையும் தண்ணீர் தாராளமாக விட்டுக் கலந்து சொரசொரப்பான தாளில் பூசிப் பாருங்கள். அல்ட்ராமெரினின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தாளின் பள்ளங்களில் போய்ப் படியும், பழுப்பு மேட்டில் தங்கும். எட்ட நின்றால் சாம்பல், கிட்டப் போனால் நீலமும் செம்பழுப்பும் தனித்தனிப் பரல்கள். வெட்டிய கல்லை உற்றுப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளை வேட்டிக்குப் பாட்டி போட்ட நீலத்தூளும் இந்த அல்ட்ராமெரின்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது, வாளியின் அடியில் அது படிந்து கிடந்த காட்சி நினைவுக்கு வந்தது. ப்தாலோ நீலத்தில் இது நடக்காது, அதன் துகள் மிகப் பொடி, தாளின் நாரில் கறையாகப் பிடித்துக்கொள்ளும். தாளும் முக்கியம். பருத்தி நாரில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் இல்லாமல் இங்கே சொல்கிற எதையும் முயல வேண்டாம். மரக்கூழ்த் தாள் இரண்டாவது ஈரத்திலேயே உரிந்துவிடும். பணம் குறைவாக இருந்தால் வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள், தாளில் பிடிக்காதீர்கள்.

சுரண்டுவதிலும் அதே நேரக் கணக்குதான். காலாவதியான ஏடிஎம் அட்டையை வெட்டிக் கூராக்கி வைத்திருக்கிறேன். பூச்சு தேங்கியிருக்கும்போது கீறினால் தாளில் காயம் பட்டு, நிறம் அதற்குள் ஓடிக் கறுத்த கோடாகிறது. பட்டு மினுக்கம் போகும் தறுவாயில் அதே அட்டையை அழுத்தி இழுத்தால் நிறம் ஒதுங்கி வெளிறிய கோடு கிடைக்கிறது. ஒரே கருவி, ஒரே கை, ஐந்து நிமிட இடைவெளி. பாறை விரிசலுக்கு முதலாவது, பாறையின் வெயில் முகத்துக்கு இரண்டாவது.

ஆங்கிலேய ஓவியர் டர்னருக்கு அட்டை தேவைப்படவில்லை, கட்டைவிரல் நகமே போதும். 1818-இல் யார்க்‌ஷயரில் நண்பர் ஃபாக்ஸின் வீட்டில் தங்கியிருந்தபோது, போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று காட்டும்படி ஒரு படம் கேட்டார்கள். வீட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். தாள் நனைந்து ஊறும்வரை வண்ணத்தை ஊற்றினார், வெறி பிடித்தவர் போலக் கிழித்தார், கீறினார், தேய்த்தார், எல்லாம் ஒரே குழப்பமாக இருந்தது, பிறகு மாயம் போலக் கப்பல் மெல்ல மெல்ல எழுந்து வந்தது என்று அந்தப் பையன் பின்னாளில் சொல்லியிருக்கிறான். ஒரே காலைப் பொழுதில் முடிந்த படம் அது. கடல் எப்படிக் கப்பலை அடிக்கிறதோ அப்படி அவர் தாளை அடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஸ்பிரிட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. ஈரப் பூச்சின் மேல் ஒரு சொட்டு விட்டால் வண்ணம் திடுக்கிட்டு விலகி, மீன் கண் போல ஒரு வட்டம் திறக்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், ஆல்கஹாலுக்கு 22-ஐ ஒட்டி. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு நீர் இழுபடுகிறது, நிறமும் கூடவே போகிறது. பார்க்க அழகுதான். ஆனால் தென்னை மரத்தடியில் இலை வழியே விழும் வெயில் வட்டங்களைத் தவிர வேறெதற்கும் அதை நான் உண்மையாகப் பயன்படுத்தியதில்லை. பளபளப்பு நிலையில் பிளாஸ்டிக் உறையைக் கசக்கி ஒட்டிவிடுவதும் அப்படித்தான். மழைக்காலத்தில் அது காய ஒரு இரவும் பகலும் ஆகும். அதைவிட வாழைச் சருகை நனைத்து விரித்து மேலே புத்தகம் அடுக்கி வைத்துப் பாருங்கள். நெருக்கமான இணைகோடுகள் ஒவ்வொன்றும் தாளில் பதிந்திருக்கும். வாழைச் சருகை வரைய வாழைச் சருகை விட நல்ல தூரிகை இல்லை.

வெள்ளையைக் காப்பாற்ற உதவும் மாஸ்கிங் ஃப்ளூயிட் அடிப்படையில் ரப்பர் பால். அம்மோனியா கலந்து உறையாமல் வைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் சொந்தக்காரர் தோட்டத்தில், விடியலில் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடிவதைப் பார்த்த பிறகு, ரப்பர் மரப் பட்டையின் கோடுகளை அந்தத் திரவத்தால் போட்டேன். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மயிரெல்லாம் ஒட்டித் தூக்கிப் போட வேண்டியதுதான். மெழுகுவத்தி இதைவிட எளிது, திரும்ப உரிக்க முடியாது என்பது மட்டும் குறை. இரண்டாம் உலகப்போரில், 1940-41-இல், லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுக்குப் பயந்து படுத்திருந்த மக்களை சிற்பி ஹென்றி மூர் மெழுகு கிரேயானால் கோடிட்டு, மேலே நீர்வண்ணம் பூசி வரைந்தார். மெழுகு தண்ணீரைத் தள்ள, போர்வை மடிப்புகள் இருட்டிலிருந்து வெளிறி வருகின்றன.

நான் அதிகம் நேசிக்கும் பொருள் கஞ்சி. இங்கிலாந்தின் ஜான் செல் காட்மன் 1830-களில் வரைந்த கடைசிக் கால நீர்வண்ணங்களில் அரிசியோ மாவோ காய்ச்சிய பசையைக் கலந்து, நிறத்தைக் கெட்டியாக்கினார் என்று படித்த அன்றே அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு கரண்டி பச்சரிசி மாவு, ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்து கெட்டிப்படும்வரை கிளற வேண்டும். ஆறியதும் வண்ணம் கலந்து பூசினால் அது ஓடாது, பரவாது, தூரிகை போன தடத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி அதில் இழுத்தேன். கூரை வேய்ந்த கீற்று அப்படியே வந்தது. தென்னந்தண்டின் வளையங்களுக்குச் சீப்பு, பனைமரத்துக்கு மொட்டைத் துடைப்பம். கொஞ்சம் தடிமனாகப் போனால் காய்ந்து வெடிக்கும், வெடித்த சுண்ணாம்புச் சுவருக்கு அதுவே வேண்டும். ஒரே ஆபத்து பூச்சி. பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், நானும் ஒரு சிட்டிகை போடுகிறேன். அது விஷம். அதற்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, சமையலறைக்கு வெளியே.

டெக்ஸ்சர் மிதமிஞ்சிப் போன படத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு, அது கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்தது. 1903-இல் ஜப்பானிய ஓவியர்கள் யோகொயாமா டைகனும் ஹிஷிதா ஷுன்ஸோவும் கல்கத்தா வந்தபோது, அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து அபனீந்திரநாத் தாகூர் தன் வாஷ் முறையை உருவாக்கிக்கொண்டார். வரைந்து காய்ந்த படத்தை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுப்பது, மறுபடி வரைவது, மறுபடி முக்குவது. தாளில் ஊன்றிய நிறம் மட்டும் தங்கும், மேலே துருத்தியது கரைந்து போகும். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைக் கலைப்பள்ளிக்கு முதல்வராக வந்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றுதான் நமக்குத் தெரியும், வாஷ் ஓவியமும் அவர் கையில் இருந்தது. உப்பும் ஈர்க்கும் அட்டையுமாகக் கூச்சல் போடும் படத்தை நான் குளியலறைத் தொட்டியில் இரண்டு நிமிடம் அமிழ்த்துகிறேன். வெளியே எடுக்கும்போது பாதிச் சத்தம் அடங்கியிருக்கும்.

போன சித்திரையில் மாமல்லபுரத்துக்குத் தனியாகப் போனேன். மாஸ்டர் இப்போது இல்லை. காலை ஆறரைக்கு மதிலை ஒட்டி உட்கார்ந்தேன், அங்கே போனபின்தான் தண்ணீர்ப் பாட்டிலை பஸ்ஸில் விட்டுவிட்டது தெரிந்தது. கீழே இறங்கிப் போய்க் கிண்ணத்தில் கடல்நீரை மொண்டுகொண்டு வந்தேன். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீர். அதிலேயே அல்ட்ராமெரினையும் பர்ன்ட் சியென்னாவையும் கரைத்து, முகமில்லாத ஒரு நந்தியை வரைந்தேன். வெயில் ஏற ஏற, காய்ந்த இடங்களில் நிறத்தோடு சேர்ந்து பொடிப்பொடியாகப் படிகம் மின்னியது. நான் எதையும் தூவவில்லை, எதையும் கீறவில்லை.

உப்பு தூவிய படம் எதுவானாலும் காய்ந்ததும் கடைசிப் பரல்வரை தட்டிவிட வேண்டும், தங்கிவிட்டால் ஈரத்தை இழுத்துத் தாளை நாளடைவில் கெடுக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் படத்தில் தட்டிவிட ஒன்றுமில்லை, உப்பு நாருக்குள்ளேயே இருக்கிறது. கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது சமையல் உப்பை விடச் சீக்கிரம் ஈரம் குடிக்கும். கண்ணாடிச் சட்டம் போடாமல் பீரோவில் தனி உறையில் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து நாலு நாள் மழைக்குப் பிறகு வெளியே எடுத்தேன். நந்தியின் முதுகு ஒரு நிழல் கறுத்திருந்தது. புறங்கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது.